இதை ஏன் எடுத்தாய்?

(தென்காசியில் ஆசிரியர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் ஓவிய ஆசிரியரும் இல்லை, புகைப்படக் கலைஞரும் இல்லை. அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் நடத்தும் பட்டதாரி ஆசிரியர். ஒளியியல் பாடத்தில் குவிலென்சு வரைந்து, பிம்பம் எங்கே விழும் என்று காட்டுவதோடு எனக்கும் கேமராவுக்கும் உள்ள உறவு முடிந்துவிடும். அப்படிப்பட்ட என்னைப் போய், ‘பிள்ளைகள் படம் எடுக்கப் புதுப்புது யோசனைகள் எங்கிருந்து கிடைக்கும்’ என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த யோசனைகள் எல்லாம் நான் செய்த ஒரு தவற்றுக்குப் பிறகு கிடைத்தவை. அதனால் தவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் ஒரு சிறு புகைப்படக் கண்காட்சி வைத்தோம். தலைப்பு ‘எங்கள் ஊர்’. வீட்டில் இருக்கும் கைபேசியில் ஆளுக்கு ஒரு படம் எடுத்து வரச் சொன்னேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் குற்றாலம் பேரருவி. அடுத்தது காசி விசுவநாதர் கோயில் கோபுரம். மிச்சம் சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தித் தோட்டம். எந்தப் படத்திலும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் எல்லாமே நான் ஏற்கெனவே மளிகைக் கடை காலண்டரில் பார்த்த படங்கள்தான்.

ஒரே ஒரு படம் வேறு மாதிரி இருந்தது. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கொண்டு வந்தது. வீட்டுக்குள் எடுத்த படம். இருட்டு. ஒரு சுளகு, அதில் பீடி இலையும் தூளும், அதன் மேல் இரண்டு கைகள். கைகள் அசைந்ததால் விரல்கள் கலங்கித் தெரிந்தன. நான் பார்த்துவிட்டுச் சொன்னேன்: “மங்கலா இருக்கேம்மா. ஊரை எடுன்னுதானே சொன்னேன்?” அவள் பதில் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் கோபுரப் படம் ஒன்று கொண்டு வந்தாள். பளிச்சென்று இருந்தது. ‘பார், சொன்னால் செய்கிறாள்’ என்று நினைத்துக்கொண்டு அதைச் சுவரில் ஒட்டினேன்.

கண்காட்சி அன்று அவளுடைய அம்மா வந்தார். கடையில் பீடியைக் கொடுத்துவிட்டு நேராகப் பள்ளிக்கு வந்திருந்தார். மகளின் பெயர் எழுதிய படத்தின் முன் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். “டீச்சர், இது அவ எடுத்தது இல்லையே. எங் கையயில்லா எடுத்தா” என்றார்.

விசாரித்ததில், அந்தக் கோபுரப் படம் யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியது. அவள் எடுத்த படம் எங்கே என்று கேட்டேன். “அழிச்சிட்டேன் டீச்சர்” என்றாள்.

அன்று முழுவதும் எனக்கு மனது சரியில்லை. ஒரு குழந்தை தன் கண்ணால் கண்டதைக் கொண்டு வந்தது. நான் அதை வேண்டாம் என்றேன். அதற்குப் பதிலாக ஊரான் எடுத்த படத்தைத் தன் படம் என்று சொல்ல அவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். பிறகு அவள் அதே படத்தைத் திரும்ப எடுத்தாள். வெளிச்சம் சரியாக இருந்தது, கலங்கல் இல்லை. ஆனால் அம்மா கேமராவுக்காக உட்கார்ந்திருந்தார். கை வேலை செய்யவில்லை. முதல் படம் போனது போனதுதான்.

ஆசிரியர்களே, புது யோசனை பிள்ளைகளிடம் இல்லை என்று நாம் சொல்கிறோம். இருக்கிறது. அது நம் மேசைக்கு வரும்போது ‘மங்கல்’ என்றும் ‘தலைப்புக்குப் பொருந்தவில்லை’ என்றும் நாம்தான் திருப்பி அனுப்புகிறோம்.

நம் ஊருக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. தென்காசியும் குற்றாலமும் மற்றவர்கள் வந்து படம் எடுக்கும் ஊர்கள். 1992இல் வந்த ‘ரோஜா’ சுந்தரபாண்டியபுரத்தை நாடு முழுக்கக் காட்டியது. 2005இல் வந்த ‘அந்நியன்’ படத்தின் பெயரில் அங்கே ஒரு பாறையே இருக்கிறது. வழி கேட்டால் ‘அந்நியன் பாறை’ என்றுதான் சொல்கிறார்கள். சீசன் தொடங்கிவிட்டால் ஆயிரம் கைபேசிகள் ஒரே அருவியை ஒரே இடத்தில் நின்று எடுக்கின்றன. இதையே பார்த்து வளரும் நம் பிள்ளைகளும் சொந்த ஊரைச் சுற்றுலாப் பயணியின் கண்ணால் பார்க்கிறார்கள். ‘அழகான படம் என்றால் இதுதான்’ என்று மனதில் ஒரு அச்சு விழுந்துவிடுகிறது. அந்த அச்சிலிருந்து வெளியே வருவதற்காக நாங்கள் செய்து பார்த்த சில பயிற்சிகளைச் சொல்கிறேன். விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை.

முதல் பயிற்சிக்குக் கைபேசியே வேண்டாம். பழைய நோட்டு அட்டையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சதுர ஓட்டை வெட்டிக்கொள்ள வேண்டும். அதைக் கண்ணருகே வைத்தால் நிறையத் தெரியும், கையை நீட்டிப் பிடித்தால் கொஞ்சம்தான் தெரியும். அந்தச் சட்டத்தோடு பள்ளி வளாகத்தில் அரைமணி நேரம் சுற்ற வேண்டும். எதைச் சட்டத்துக்குள் வைத்தாய், எதை வெளியே விட்டாய் என்று நோட்டில் எழுத வேண்டும். படம் எடுப்பது என்பது வெளியே விடுவதுதான் என்பதை இதில் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுகிறார்கள். சத்துணவுக் கூடத்துப் புகைபோக்கி, குழாயடியில் வரிசையாக நிற்கும் தண்ணீர் பாட்டில்கள், மேசையில் முன்பு படித்தவர்கள் கீறிய பெயர்கள் என்று நான் தினமும் கடந்து போகும் பொருள்களை எல்லாம் அவர்கள் எனக்குக் காட்டினார்கள்.

இரண்டாவது, மூன்று படம் மட்டும். நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது ஒரு ஃபிலிம் சுருளில் 36 படம். கல்யாண வீட்டில்கூட எண்ணி எண்ணித்தான் எடுப்பார்கள். இப்போது ஒரு நிமிடத்தில் நாற்பது எடுக்கிறோம், ஒன்றையும் பார்ப்பதில்லை. அதனால் என் கைபேசியைக் கொடுத்து, ஆளுக்கு மூன்று முறைதான் அழுத்தலாம் என்று விதி வைத்தேன். கை காத்திருந்தால் கண் வேலை செய்யத் தொடங்கும். ஒரு பையன் இரண்டு படம் எடுத்துவிட்டு, மூன்றாவதற்காக மதிய உணவு மணி அடிக்கும்வரை காத்திருந்தான். மணி அடித்த மறுகணம் வாசலைத் தாண்டிய முப்பது ஜோடிக் கால்களை எடுத்தான்.

மூன்றாவது பயிற்சி எனக்கு மிகவும் பிடித்தது. ‘கண்ணுக்குத் தெரியாததை எடுத்து வா.’ நம் ஊரில் அது என்ன? காற்று! ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று உள்ளே வருகிறது. கோபுர வாசலில் நின்றால் ஆளையே தள்ளும். அந்தக் காற்றைப் படம் எடுக்கச் சொன்னேன். கோபுரத்தை எடு என்றால் எல்லோரும் ஒரே இடத்தில் போய் நிற்பார்கள். காற்றை எடு என்றால் எங்கே போய் நிற்பது? யோசித்துத்தானே ஆக வேண்டும்! மடங்கிப் போன குடை, பூக்காரப் பாட்டி கல் வைத்து அழுத்திய வாழையிலை, அடுப்பு அணையாமல் இருக்க டீக்கடைக்காரர் வைத்த தகரம், தலைமுடி முகத்தை மறைக்க நிற்கும் தங்கச்சி என்று வந்தன. ஒன்றைப் போல் ஒன்று இல்லை. அடுத்த வாரம் சாரலை எடுக்கச் சொன்னோம். அதற்கு அடுத்த வாரம் ‘பசி’. தலைப்பை மாற்றினால் போதும், பழைய ஊரே புது ஊராகிவிடுகிறது.

நான்காவது, அருவிக்கு முதுகைக் காட்டி நிற்பது. குற்றாலத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனால் இதைச் செய்யச் சொல்லுங்கள். அருவியை எல்லோரும் எடுத்தாகிவிட்டது. திரும்பி நின்றால் என்ன தெரிகிறது? குளிரில் பல் கிட்டிக்க வெளியே வரும் தாத்தா. எண்ணெய் தேய்த்துவிடுகிறவரின் தோள். நேந்திரங்காய் சிப்ஸ் போடும் வாணலி. மங்குஸ்தான் கூடை. கூட்டத்தை ஒழுங்குபடுத்தி விசில் ஊதி ஊதிக் களைத்த காவலர். அருவி படத்தில் இருக்காது. ஆனால் ஈரம் எல்லா முகத்திலும் இருக்கும். அருவியையே எடுப்பதானாலும், நீர் மேலிருந்து முதலில் பொங்குமாங்கடலில் விழுந்து, வேகம் அடங்கி, பிறகுதான் நம் தலையில் விழுகிறது என்று சொல்லிக்கொடுத்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை அவர்கள் பார்வை அந்த இடத்துக்குத் தானாகப் போகும். தெரிந்துகொண்டால்தான் தெரியும்.

இங்கே அறிவியல் ஆசிரியராக ஒரு வார்த்தை. ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் ஒளியை உள்ளே விட்டால், விழும் நீர் துளித்துளியாக அந்தரத்தில் நிற்கும். கால் நொடி விட்டால் அதே நீர் வெள்ளைத் துணி விரித்தது போல் ஓடும். இரண்டுமே உண்மைதான். நம் கண் இரண்டையும் காண்பதில்லை. பல கைபேசிகளில் இந்த நேரத்தை நாமே மாற்றிக்கொள்ளலாம். ஒளி, வேகம், காலம் மூன்றையும் ஒரே பாடவேளையில் நடத்திவிடலாம். அந்த மாணவியின் படத்தில் விரல்கள் ஏன் கலங்கின என்பதற்கும் இதுதான் விடை. வீட்டில் வெளிச்சம் குறைவு. கேமரா கொஞ்சம் கூடுதல் நேரம் திறந்திருந்தது. அந்த நேரத்துக்குள் அம்மாவின் விரல் நகர்ந்துவிட்டது. அந்தக் கலங்கல்தான் அம்மாவின் வேகம். பாடத்தில் நடத்துகிற எனக்கே அன்று அது தோன்றவில்லை.

சூரியகாந்தித் தோட்டத்திலும் பாடம் இருக்கிறது. மொட்டாக இருக்கும்போது செடி சூரியனோடு திரும்பும். முதிர்ந்த பூ கிழக்கு நோக்கி நின்றுவிடும். காலையில் போனால் பூவின் முகத்தில் வெயில். மாலையில் போனால் முதுகில் வெயில். மாலையில் போய் முதுகை எடுத்த ஒரு மாணவன், “எல்லாப் பூவும் கோவிச்சுக்கிட்ட மாதிரி இருக்கு டீச்சர்” என்றான். இன்னொருத்தி பூவையே எடுக்கவில்லை. படம் எடுக்க வந்தவர்கள் மிதித்துப் போட்ட செடிகளை எடுத்தாள். அது அவள் மாமா பயிரிட்ட நிலம்.

ஐந்தாவது, ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது. செக் நாட்டில் யோசெப் சுடெக் என்றொரு புகைப்படக் கலைஞர் இருந்தார். முதல் உலகப்போரில் வலது கையை இழந்தவர். 1940 முதல் பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தன் ஸ்டுடியோ சன்னலையே படம் எடுத்தார். பனி படிந்த கண்ணாடி, மழைத்துளி, சன்னலுக்கு வெளியே ஒரு வளைந்த மரம், திண்டில் ஒரு தம்ளர். அவ்வளவுதான் பொருள். படங்களோ நூற்றுக்கணக்கில். அதைச் சொல்லி, ஆளுக்கு ஒரு சன்னலோ வாசலோ தேர்ந்தெடுத்து, ஒரு மாதம் தினம் ஒருமுறை அதைப் பார்த்து எழுதச் சொன்னேன். வாரம் ஒரு படம். முதல் வாரம் “சலிப்பா இருக்கு” என்றார்கள். மூன்றாம் வாரம் வெயில் எந்த மணிக்கு எந்தக் கல்லைத் தொடும் என்று சொன்னார்கள்.

கோபுரத்தையும் இப்படிப் பார்க்கலாம். பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோயில் அது. கோபுரம் நெடுங்காலம் சிதைந்து நின்றது. இன்று நாம் பார்க்கும் கோபுரத்துக்கு 1990இல் குடமுழுக்கு நடந்தது. அப்போது நான் சிறுமி. என் அம்மாவின் நினைவில் இருக்கும் தென்காசியில் இந்தக் கோபுரம் கிடையாது. ‘உங்கள் ஆச்சி சிறுபிள்ளையாக இருந்தபோது இந்தத் தெருவில் நின்றால் என்ன தெரிந்தது?’ என்று கேட்டு வரச் சொல்லுங்கள். பழைய கல்யாண ஆல்பம், மங்கிய குடும்பப் படம் எல்லாம் வெளியே வரும். அதே இடத்தில் நின்று இன்று ஒரு படம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஊர் வரலாறு கையில் இருக்கும்.

குற்றாலத்தில் கேமராவே வேண்டாத ஒரு புகைப்பட வகுப்பும் இருக்கிறது. சித்திர சபை. ஐந்து சபைகளில் ஒன்று. இங்கே நடராசர் சித்திரமாகவே இருக்கிறார். சுவர் முழுக்கக் கட்டம் கட்டமாகக் கதைகள். அட்டைச் சட்டத்தை மட்டும் கையில் கொடுத்து, ஓவியர் ஒரு கதையில் எந்தக் கணத்தைத் தேர்ந்தெடுத்தார், யாரைப் பெரிதாக வரைந்தார், யார் யாரைப் பார்க்கிறார் என்று கவனிக்கச் சொல்லுங்கள். எந்தக் கணத்தை நிறுத்துவது என்பதுதானே புகைப்படத்திலும் கேள்வி!

இப்போது நம் தொழிலுக்கு வருகிறேன். லூயிஸ் ஹைன் என்பவர் அமெரிக்காவில், நியூயார்க்கில் ஒரு பள்ளி ஆசிரியர். மாணவர்களுக்குக் கற்பிக்கத்தான் கேமராவைக் கையில் எடுத்தார். 1904இல் எல்லிஸ் தீவில் வந்திறங்கிய குடியேறிகளைப் படம் எடுத்தார். 1908இல் இருந்து தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை செய்த குழந்தைகளை எடுத்தார். குழந்தை உழைப்புக்கு எதிராக அந்நாட்டு மக்களின் மனத்தைத் திருப்பியதில் அந்தப் படங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆசிரியரின் கண்ணுக்கு அவ்வளவு வலிமை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். மதுரைப் பக்கத்து மீன் விற்கும் தாயின் மகன் பழனிக்குமார். தூய்மைப் பணியாளர்களின் வாழ்வையும் சாவையும் படம் எடுத்தவர். 2022இல் தயானிதா சிங் – பாரி ஆவணப் புகைப்பட விருதை முதன்முதலில் பெற்றவர் அவர்தான். 2025 தொடக்கத்தில் சென்னையில் ஒரு கண்காட்சி பற்றிச் செய்தி வந்தது. நம் அரசு மாதிரிப் பள்ளி மாணவர்கள் 40 பேர் எடுத்த படங்கள். எதை எடுத்திருந்தார்கள் தெரியுமா? தங்கள் பெற்றோர் உழைப்பதை. அந்தச் செய்தியைப் படித்தபோது நான் சுவரில் ஒட்டாமல் விட்ட படம்தான் நினைவுக்கு வந்தது. உலகம் பார்க்க வருகிற படத்தை ஒரு பிள்ளை என் கையில் கொடுத்திருக்கிறது. நான் மங்கல் என்று சொல்லியிருக்கிறேன்.

இரண்டு எச்சரிக்கைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, அனுமதி. அம்மாவாக இருந்தாலும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். சுவரில் ஒட்டுவதற்கு முன் மறுபடியும் கேட்க வேண்டும். வறுமையைக் காட்டிக் கைதட்டு வாங்குவது நம் வேலை இல்லை. பிள்ளை வெட்கப்படுகிற படம் எதுவும் வெளியே வரக் கூடாது. இரண்டு, பாதுகாப்பு. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோனதை நாம் மறக்கவில்லை. படத்துக்காக யாரும் பாறை ஏறக் கூடாது, தடுப்பைத் தாண்டக் கூடாது. நல்ல படம் பெரும்பாலும் நாம் நிற்கும் இடத்திலிருந்து பத்தடிக்குள் இருக்கும் என்று சொல்லிக்கொடுங்கள். அது உண்மையும்கூட.

அந்த மாணவி என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். அவளும் காற்றைப் படம் எடுக்கும் பயிற்சியில் இருந்தாள். எல்லோரும் பறக்கும் பொருள்களை எடுத்து வந்தார்கள். அவள் எடுத்து வந்த படத்தில் எதுவும் பறக்கவில்லை. நல்ல பகல், ஆனால் அடைத்த சன்னல். அதன் கீழே, வாசலுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து உட்கார்ந்திருக்கும் அம்மா.

இந்த முறை நான் எதுவும் சொல்லவில்லை. “இதை ஏன் எடுத்தாய்?” என்று மட்டும் கேட்டேன்.

“காத்து அடிச்சா தூள் பறந்துரும் டீச்சர். அதான் சீசன் முழுக்க எங்க வீட்டுச் சன்னல் அடைச்சே கிடக்கும்” என்றாள்.

வெளியூர்க்காரர்கள் எல்லாம் தேடி வருகிற தென்காசிக் காற்று, அந்த வீட்டில் கதவடைத்து வெளியே நிறுத்த வேண்டிய ஒன்று. இருபது வருடமாக இந்த ஊரில் வேலை பார்க்கிறேன். எனக்கு அது தெரியாது. இப்போது அந்தப் படம் எங்கள் அறிவியல் ஆய்வகச் சுவரில் இருக்கிறது. கீழே அவள் பெயரும், அம்மாவின் பெயரும்.

நண்பர்களே, திங்கட்கிழமை பள்ளிக்குப் போனதும் ஒரு பழைய நோட்டு அட்டையை எடுத்து ஓட்டை வெட்டிப் பாருங்கள். பிள்ளைகள் கொண்டு வருவதில் சில மங்கலாக இருக்கும், சில கோணலாக இருக்கும். வெளிச்சத்தையும் கோணத்தையும் பிறகு திருத்திக்கொள்ளலாம். முதலில் அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள்.